பந்தியில் சொல்லக் கூடாத சொல்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மா. உள்ளே பந்தியில் உட்காரும்போது "போதும்" என்று மட்டும் சொல்லிவிடாதே. இலைக்கு மேலே கையைக் கவிழ்த்து மறைக்கவும் கூடாது. வயிறு நிரம்பிவிட்டால் "நிறைந்தது" என்று சொல். பரிமாறுகிறவர்கள் அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் பழக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அவர்களுக்குத்தான் கூச்சம். குழந்தையிடமும் சொல்லி வை.

எங்கே அவள்? கோழிக்குஞ்சுக்குப் பின்னால் போய்விட்டாளா? போகட்டும். சுற்றிலும் மதில் இருக்கிறது, எங்கும் போய்விட முடியாது. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் என்ன சொன்னாய்? வெண்பாவா? யார் வைத்தது, அவள் அப்பாவா? பரவாயில்லையே. நான் பெண்கள் கல்லூரியில் தமிழ் நடத்தியவள். எத்தனையோ வெண்பா நடத்தியிருக்கிறேன். ஒரு வெண்பா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோழிக்குஞ்சு துரத்துவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அந்த ஐஸ் டப்பாவை வெயிலில் வைக்காதே. தூணுக்கு இந்தப் பக்கம் தள்ளி வை, ஐஸ் உருகி ஊசி மருந்து கெட்டுவிடும். பார்த்தாயா, நான் மருந்துக்கு விரோதி இல்லை. எங்களைப் பற்றி வெளியே என்னென்னவோ சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

உன்னிடமும் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறதே. உன் முகம் அப்படி இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் இளநீர் வெட்டுகிறவர். "உள்ள போகாதீங் அம்மிணி, பொண்ணக் கூட்டிட்டு வந்த பஸ்ஸுக்கே திரும்பிருங்." இதைத்தானே சொன்னார்? கையில் ஐஸ் டப்பாவோடு யாராவது இறங்கிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. இளநீரும் விற்கிறார், பயமும் விற்கிறார். இளநீருக்குக் காசு வாங்குவார். பயம் இலவசம். அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது?

நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தங்கமுத்து என்று பெயர். பூங்கோதையின் வீட்டுக்காரர். அதோ வேம்புக்கு அடியில் மஞ்சள் பூசிய விளக்கு மாடம் தெரிகிறது பார், அதுதான் பூங்கோதை. அவரிடம் அரைகுறையாகக் கேட்டதை என்னிடம் முழுதாகக் கேள். உன் மகளுக்கு இருக்கிற சர்க்கரைதான் அவளுக்கும் இருந்தது. அதனால்தான் உனக்குச் சொல்கிறேன். எல்லோருக்கும் சொல்வதில்லை.

எங்கள் குரு ஐயாவை ஊர்க்காரர்கள் போதுஞ்சாமி என்பார்கள். கண்டக்டரும் அப்படித்தான் கூவியிருப்பார், "போதுஞ்சாமி கோயில் எறங்கு" என்று. எனக்கு அது பிடிக்காது. சந்தையில் வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. நீ ஐயா என்றே சொல். முன்னால் அவர் பெயர் மாரப்பன். பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். மனைவி போனபிறகு மலைக்கு வந்து, அடிவாரத்தில் அப்போது இருந்த அன்னதானக் கொட்டகையில் பாத்திரம் கழுவிக்கொண்டு அப்படியே தங்கிவிட்டார். பேச்சு மிகக் குறைவு. மில் இரைச்சலிலேயே காலம் கழித்ததில் காது போய்விட்டது, காது போனதால் பேச்சும் போய்விட்டது என்பார்கள். அது உலகத்தார் சொல்கிற காரணம். எதற்கும் உலகத்தாரிடம் ஒரு காரணம் இருக்கும்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் வந்தேன். ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான். வீட்டில் எனக்காகக் காத்திருந்தது ஒரு பூனை. அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை.

அன்றைக்கு ஒரு அம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருமகள் சோறு போடுவதில்லை, மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி குடி, தாயி" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாள் விழித்தாள். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துவிட்டது. "தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் போகும், அம்மா. நீங்கள் தாழ்ந்து போங்கள் என்கிறார்" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன். அந்த அம்மாள் அவர் காலை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரியில் நான் ஒரு பாட்டுக்கு உரை சொன்னால் கடைசி பெஞ்சில் வாய் மூடாமல் கொட்டாவி விடுவார்கள். இங்கே ஒரு சொல்லுக்கு உரை சொன்னேன், ஒருத்தி அழுதாள். அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். அப்புறம் எந்த பஸ்ஸையும் பிடிக்கவில்லை.

அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. அவர் ஏதாவது சொல்வார். உடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

பூங்கோதை வந்தது ஒரு தை மாதம். பாவாடை கட்டின வயதிலிருந்தே அவளுக்கு ஊசி. வயிற்றிலும் தொடையிலும் போட்டுப் போட்டுத் தோல் காய்த்துப்போயிருந்தது. சிரித்த முகம். வாய்த்துடுக்கு வேறு. "ஏனுங் டீச்சர், சாமி பேசறது உங்களுக்கு மட்டும் வெளங்குது. நீங்க பேசறது எங்களுக்கு வெளங்க மாட்டீங்குது. அப்பறம் நாங்க யாரைத்தானுங் கேக்கறது?" என்பாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் சொன்னால் வராது. அந்த மாதிரிப் பெண்.

அவள் ஐயாவிடம் பிள்ளை வரம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. "ஒரு நாளாச்சும் ஊசி போடாம, மத்தவங்களாட்டம் உக்காந்து சோறு திங்கணுமுங்" என்பாள். அவ்வளவு சின்ன ஆசை. உன் மகளும் அப்படித்தானே சொல்கிறாள்? நீயே சொன்னாயே இப்போது, ஊசியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள் என்று. அதற்காகத்தானே உன் மாமியார் இங்கே அனுப்பியிருக்கிறார்? நல்லது. அனுப்பியவர் தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்.

அப்போதெல்லாம் ஐயா எல்லோரோடும் பந்தியில் உட்காருவார். பூங்கோதை எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கமுத்து, அவருக்குப் பக்கத்தில் நான். ரசம் முடிந்து மோர் வந்தது. பாவாத்தாள் தூக்குவாளியோடு வருகிறாள். நம் பாவாத்தாள்தான், உனக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாளே, அவள்தான். பூங்கோதை முன்னால் குனிந்து கேட்டாள், "சாமி, இந்த ஊசி எனக்கு இன்னும் எத்தன நாளைக்குங்?"

பாவாத்தாள் ஐயாவின் இலையில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐயா இலைக்கு மேலே கையைக் கவிழ்த்தார்.

"போதும்" என்றார்.

மோர் அவர் புறங்கையில் வழிந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போதும் என்கிறார் ஐயா." அவ்வளவுதான். அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னேன். நான் ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். அந்த இளநீர்க்காரர் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

கை கழுவுகிற இடத்தில் தங்கமுத்து என்னிடம் வந்தார். "டீச்சர், அவரு மோரு போதும்னு சொன்னாருங்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பூங்கோதையும் சிரித்தாள். "நீ சும்மா இரு மாமா. உனக்கு மோரும் சோறுந்தான் கண்ணுக்குத் தெரியும்" என்றாள். அவர் விடவில்லை. "இவ கேட்டது சாமி காதுலயே உழுந்திருக்காதுங். ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்தரலாமுங்" என்றார்.

போய்க் கேட்பதாம். ஐயாவிடம் போய், நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதாம். குருவின் வாயிலிருந்து வந்ததைக் குருவிடமே திருப்பிக் கேட்பது அவரைத் தராசில் நிறுத்துவது அல்லவா? நான்தான் வேண்டாம் என்றேன். வேண்டுமானால் என்னைக் கேளுங்கள் என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த ஒரு சொல்லுக்கே உரை சொன்னேன். என் வாழ்நாளில் அப்படி நான் பேசியதில்லை, அம்மா. அரும்பு, மொட்டு, மலர் என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஒரு பருவம் இருக்கிறது, மொட்டு மலரப்போகிற அந்தக் கணம். அதற்குத் தமிழில் "போது" என்று பெயர். பொழுதுக்கும் போது என்று பெயர். அறிவுக்குப் போதம் என்று பெயர். இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. பூங்கோதை, உன் பெயரே பூ. நீ மலர்கிற பொழுது வந்துவிட்டது என்கிறார் ஐயா. கூட்டத்தில் ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

ஒரு வெண்பாவைக்கூட "போது" என்ற சொல்லில் முடிக்கலாம், தெரியுமா? இலக்கணம் இடம் கொடுக்கும். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நான் பாட்டைச் சொல்கிறேன்.

மறுநாள் அவள் ஊசி போடாமல் சாப்பிட்டாள். பாயசமும் கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கூண்டில் இருந்த கிளி முதல் தடவை கிளையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தங்கமுத்து மட்டும் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசிப் பெட்டியைக் காலுக்கு நடுவில் இடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். சந்தேகப்படுகிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிடக்கூட முடியாது, பாவம்.

அப்புறம் அவளுக்குத் தாகம் வந்தது. குடம் குடமாகக் குடித்தாள், தாகம் அடங்கவில்லை. உள்ளே தாகம் எடுத்தவர்களுக்கு வெளித்தண்ணீரால் அடங்குமா? உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. மண் உதிர்கிறது என்று சொல்லிக்கொண்டோம். இன்னொன்று சொல்கிறேன், நீ நம்ப மாட்டாய். அவள் மூச்சில் பழ வாசனை வந்தது. நிஜமாக. பக்கத்தில் போய் நின்றால் நன்றாகப் பழுத்த பழத்தை அறுத்து வைத்த மாதிரி. நான் குனிந்து குனிந்து முகர்ந்து பார்த்தேன். மூச்சும் மாறியிருந்தது. ஆழமாக, நீளமாக, அடிவயிற்றிலிருந்து ஏறி இறங்கியது. யோகிகள் வருஷக்கணக்கில் பழகி அடைகிற மூச்சு ஒரு வாரத்துக்குள் அவளுக்கு வந்துவிட்டது.

ஏன் அம்மா அழுகிறாய்? உனக்கும் அந்த வாசனை தெரியுமா? உன் மகளுக்கு வந்திருக்கிறதா? ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்னாலா? பார்த்தாயா. இது தெரியாமல் அதைப் போக்கிவிட்டார்கள்.

தங்கமுத்து ஆட்டோ கொண்டுவந்துவிட்டார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "பூங்கோதை, நீ போக வேண்டுமா?" என்று கேட்டேன். தலையை அசைத்தாள். வேண்டாம் என்றுதான் அசைத்தாள். அவர் ஆமாம் என்று அசைத்ததாகச் சொல்கிறார். பெண்கள் எல்லோரும் ஆட்டோவைச் சுற்றி நின்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. விலகச் சொன்னேனா என்று கேட்காதே. பாடுகிறவர்களை எப்படி நிறுத்துவது? அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்துதான் வழி கிடைத்தது. டவுனுக்குப் போகிற பாதி வழியிலேயே அவள் மலர்ந்துவிட்டாள்.

உடம்பை அவர் தன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குக் கொடுக்கவில்லை. காரியம் முடிந்ததும் திரும்பி வந்து பஸ் ஸ்டாப்பில் இளநீர்க் கடை போட்டவர்தான், இன்னும் போகவில்லை. மாடத்துக்குள் இருப்பது அவள் விட்டுப்போன மருந்துக் குப்பிகளும் ஊசிகளும்தான். அவற்றுக்குத்தான் விளக்கு வைக்கிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் நிற்க இடம் இருக்காது.

போலீஸ் வந்ததா என்கிறாயா? வந்தது. இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. என்னிடம் படித்த பெண்ணைத்தான் கட்டியிருந்தார். "மருந்தை நிறுத்தச் சொல்லி இவர் சொன்னாராமே மேடம்?" என்று கேட்டார். ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டருக்குக் கணீரென்ற குரல், ஐயாவுக்கே கேட்டிருக்கும். நானும் உரக்கத்தான் பதில் சொன்னேன். "இல்லை சார். பந்தியில் மோர் போதும் என்று சொன்னார். அந்தப் பெண் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாள்."

என்ன அப்படிப் பார்க்கிறாய்? பொய்யா? பொய் இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அதற்குச் சிலேடை என்று பெயர். உலகத்தாருக்கு வெளிப்பொருள், அடியாருக்கு உட்பொருள். இரண்டும் உண்மை. இளநீர்க்காரர் அன்றைக்கு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இதத்தானேங் டீச்சர் நானும் சொன்னேன்? அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா எம் பொண்டாட்டி இருந்திருப்பாளே" என்றார். அவருக்குச் சிலேடை தெரியாது. சொன்னாலும் புரியாது.

இன்ஸ்பெக்டர் போனபிறகு ஐயா என்னைக் கூப்பிட்டார். வாயைத் திறந்து, முழுசாக, ஒரு வாக்கியம் சொன்னார்.

"அம்மிணி, நான் என்ன சொன்னேன்?"

ஆகா. எப்பேர்ப்பட்ட கேள்வி, பார். அவரே சொல், அவரே பொருள், அவரே கேட்கிறார். உள்ளே கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், நீயே பார்க்கப் போகிறாய். "நான் என்ன சொன்னேன்?" காலையில் எல்லோரும் அதற்கு முன்னால் கண்ணை மூடி உட்காருவோம். நான் அப்போது அவருக்குப் பதில் சொல்லவில்லை. விழுந்து கும்பிட்டேன். அவர் மறுபடி மறுபடி கேட்டார். நானும் மறுபடி மறுபடி கும்பிட்டேன்.

அடுத்த நாள் காலையில் அவர் இடம் காலியாக இருந்தது. மஞ்சள் பையில் வேட்டியையும் துண்டையும் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்திருந்தார், எல்லோரையும் போல. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாராம். எங்களைச் சோதிக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. குழந்தை ஒளிந்துகொண்டால் தாய் தேடிக்கொண்டு போக வேண்டாமா? தவில், நாகஸ்வரம் எல்லாம் ஏற்பாடு செய்து, மாலை போட்டு, ஊரே திரண்டு அழைத்து வந்தோம். பையை விடமாட்டேன் என்றார். மெதுவாக விரல் விரலாகப் பிரித்து வாங்கினோம். வழியெல்லாம் அவர் கண்ணில் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்பார்களே, நான் அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்த மதிலும் கேட்டும். அவருடைய பாதுகாப்புக்காக. நாட்டில் என்னென்னவோ நடக்கிறது. பந்தி நேரத்தில் கண்டிப்பாகச் சாத்திவிடுவோம், இலை எடுக்கும்வரை திறப்பதில்லை.

அன்றிலிருந்து ஐயா பேசுவதில்லை. ஒரு சொல் இல்லை. முக்கியமாக அந்தச் சொல். அதனால்தான் நாங்களும் சொல்வதில்லை. அவருடையதை நாம் வாயில் போட்டு எச்சில் படுத்தக் கூடாது. இப்போது இலையில் என்ன விழுந்தாலும் அவர் நிறுத்தச் சொல்வதில்லை. போட்டுக்கொண்டே இருந்தால் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். கையைக்கூடக் கவிழ்ப்பதில்லை. அள்ளுகிற நேரம் தவிர கையை இலைக்குக் கிட்டே கொண்டுபோகாமல், குனிந்து, அப்படியே. உடம்பு ஊதிப்போய்விட்டது. போன மாதம் பாவாத்தாள் என்னிடம் வந்து, "டீச்சர், மனுசன் முழுங்க முடியாம முழுங்கறாருங். எனக்கு வாளியத் தூக்கவே மனசு வரலீங்" என்றாள். "அவர் போதும் என்று சொல்லாதபோது நிறுத்த நீ யார்?" என்று கேட்டேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்லவள்தான், ஆனால் நுட்பம் தெரியாது.

அவருக்கு எல்லை என்பதே போய்விட்டது, அம்மா. இதைவிடப் பெரிய நிலை எது?

அதோ, மணி அடிக்கிறது. எழுந்திரு. வெண்பா, வா கண்ணு, கையைக் கழுவு. கோழிக்குஞ்சை விட்டுவிடு, அதற்கும் பசிக்கும்.

என்ன? சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டுமா? போடலாம், போடலாம். முதலில் ஐயா அவளைப் பார்க்கட்டும். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடும்? டப்பாவை இப்படிக் கொடு. உள்ளே கூட்டம், யாராவது காலில் இடறிவிடுவார்கள். நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். கொடு, அம்மா. உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடப் போகிறேனா, இந்த வயதில்? பஸ் இனிமேல் சாயங்காலம்தான், அவசரப்பட்டு எங்கே போகப் போகிறாய்? குனிந்து வா, நிலை இடிக்கும்.

இங்கே உட்கார், என் பக்கத்தில். அவள் எங்கே உட்கார்ந்தாலும் சரி. அதோ பார், நேரே போய் ஐயாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடாதே. அந்த இடத்தில் யாரும் உட்காரத் துணிவதில்லை. தானாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லவில்லையே.

மெதுவாகப் பேசு. ஐயா நிமிர்ந்துவிட்டார். பந்தியில் அவர் நிமிர்ந்து எத்தனை காலமாயிற்று. உன்னைப் பார்க்கிறார். இல்லை, என் மடியில் இருக்கிற டப்பாவைப் பார்க்கிறார். குழந்தையைப் பார்க்கிறார். மறுபடி டப்பா. நீ கொடுத்து வைத்தவள், அம்மா. கையைத் தூக்குகிறார். கேட்டைக் காட்டுகிறார். உன்னைப் பார்த்து, கேட்டைப் பார்த்து, கையை விசிறுகிறார். போ, போ என்கிறார். உன் வினையெல்லாம் வெளியே போகட்டும் என்கிறார்.

எழுந்திருக்காதே. உன்னைப் போகச் சொல்லவில்லை. உனக்கு அவர் கை புதிது, எனக்குப் பழக்கம். உட்கார். பாதிப் பந்தியில் யாரும் எழுந்திருப்பதில்லை, கேட்டும் பூட்டியிருக்கிறது. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. சாப்பிடு. மோர் வந்துவிட்டது. பாவாத்தா, குழந்தைக்குப் பார்த்து ஊற்று.

இரு.

இரு, அம்மா, இழுக்காதே. என்ன சொன்னாள் அவள்?

கேட்டாயா? எல்லோரும் கேட்டீர்களா? நீ அவளிடம் சொல்லவில்லையா, சொல்லக் கூடாது என்று? மறந்துவிட்டாயா? மறக்கவில்லை, மறக்க வைக்கப்பட்டாய். அந்தக் கையைப் பார். இலைக்கு மேலே, அந்தச் சின்னக் கை. புறங்கையில் மோர் வழிகிறது. அன்றைக்கு வழிந்த மாதிரியே வழிகிறது. ஐயா அழுகிறார். தலையைத் தலையை ஆட்டுகிறார், பார். ஆமாம் என்கிறார்.

யாரும் எழுந்திருக்க வேண்டாம். கும்பிடுகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிடுங்கள். குழந்தை பயந்துவிடும். கண்ணு, பயப்படாதே. நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம், நீயும் இங்கேதான் இருக்கப்போகிறாய். எங்கே, இன்னொரு தடவை சொல்.

அம்மா, என் மடியிலிருந்து கையை எடு. ஊசியா? இனி எதற்கு ஊசி? நீயே உன் காதால் கேட்டாயே. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்த்து என்ன பிரயோசனம்? நான் ஒன்றும் சொல்லவில்லை, ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை.

குழந்தைதான் சொன்னாள், போதும் என்று.